விசில் சத்தம் எத்தனை கோடி பெறும்? சென்னை சூப்பர் கிங்ஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜனவரியில் பங்கு வாங்கி விற்பவர்கள் மத்தியில் ஒரு கணக்கு பரபரப்பாகப் பேசப்பட்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் என்ற நிறுவனத்தின் பங்கு எந்தச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டதில்லை. தரகர் மூலம் கைமாறுவதோடு சரி. அந்த மாதம் அதன் விலை 200 ரூபாயைத் தாண்டியது. மொத்தப் பங்குகளோடு பெருக்கினால் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 7,600 கோடி ரூபாய். அந்த அணியைப் பெற்று வளர்த்த இந்தியா சிமெண்ட்ஸின் சந்தை மதிப்பு அன்றைக்கு அதைவிடக் குறைவு.

தாழையூத்து பக்கம் சங்கர் நகரில் 1949இல் முதல் ஆலையை ஓட்டத் தொடங்கிய கம்பெனி அது. சுண்ணாம்புக்கல் சுரங்கம், சூளை, கிடங்கு என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும் சொத்து. கிரிக்கெட் அணியிடம் அப்படி என்ன இருக்கிறது? சேப்பாக்கம் மைதானம் அதற்குச் சொந்தமில்லை. வீரர்கள் ஏலத்தில் வருவார்கள், ஏலத்தில் போவார்கள். மிச்சம் இருப்பது ஒரு மஞ்சள் நிறம், ஒரு விசில், தோனியின் ஏழாம் நம்பர் ஜெர்சி, இவற்றைச் சுற்றி செல்போனும் கையுமாகத் திரியும் ஒரு பெருங்கூட்டம். 2008 ஜனவரியில் 9.1 கோடி டாலருக்கு, அன்றைய மதிப்பில் 360 கோடி ரூபாய்க்கு, வாங்கிய உரிமம் பதினான்கு வருஷத்தில் இருபது மடங்கு விலை போனது இந்தக் கூட்டத்தை நம்பித்தான்.

இந்தக் கூட்டம் பணமாக மாறுவது எப்படி, மாறிய பிறகு அது அணியிடம் என்ன கேட்கிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய விஷயம். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. நானும் மஞ்சள் சட்டை போட்டவன்தான் என்பதால் கூடவே கொஞ்சம் கசக்கிறது.

பணம் வரும் வழி

ரசிகன் டிக்கெட் வாங்குகிறான், ஜெர்சி வாங்குகிறான், அதில்தான் அணி பிழைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி. ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமத்தை 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷத்துக்கு இந்திய கிரிக்கெட் வாரியமான பி.சி.சி.ஐ. 48,390 கோடிக்கு விற்றது. வருஷத்துக்கு 9,600 கோடிக்கு மேல். இதில் ஏறக்குறைய பாதி வாரியத்துக்கு. மீதி பத்து அணிகளுக்கும் போகிறது. புள்ளிப் பட்டியலில் மேலே இருப்பவர்களுக்குச் சின்னதாக ஒரு கூடுதல் உண்டு, மற்றபடி சம பங்கு. ஆக, ஓர் அணிக்கு வருஷம் 480 கோடி போல வரும். இதற்கு முந்தைய ஐந்து வருஷ ஒப்பந்தம் மொத்தமே 16,347 கோடிதான். அன்று ஓர் அணிக்குக் கிடைத்தது இதில் பாதிகூட இல்லை.

சி.எஸ்.கே.யின் வரவு செலவில் இது அப்படியே தெரிகிறது. 2022-23 நிதியாண்டில் 300 கோடிக்குள் இருந்த வருவாய், 2023-24இல் 670 கோடியைத் தாண்டியது. லாபம் மட்டும் 200 கோடிக்கு மேல். அந்த வருஷம்தான் ஐந்தாவது கோப்பையை வென்றார்கள் என்பதால் கோப்பை கொண்டு வந்த காசு என்று தோன்றும். கோப்பையோடு வந்த பரிசுப் பணம் 20 கோடி. மற்றதில் பெரும்பகுதி ஒளிபரப்பு உரிமத்தின் புது விலை.

அப்படியானால் ரசிகர் எங்கே வருகிறார்? உரிமத்தின் விலையை ஏற்றுவதே அவர்தான். ஆனால் சென்னை ரசிகர் பார்ப்பதால் ஏறும் விலை சென்னைக்கு மட்டும் வருவதில்லை. ஒரு முறைகூடக் கோப்பை வெல்லாத பஞ்சாபுக்கும் அதே பங்குதான். பொதுப் பானையில் அதிக அரிசி போடும் வீட்டுக்கும் அதே ஓர் இலைச் சாப்பாடு. ஆகவே தன் கூட்டத்தைத் தனக்கே காசாக்க அணிக்கு மிச்சம் இருப்பது மூன்று வழி: ஸ்பான்சர், டிக்கெட், அப்புறம் 'நாளைக்கு இது எவ்வளவு போகும்' என்ற நம்பிக்கையில் பங்கு வாங்குபவர் கொடுக்கும் விலை. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. அணி ஆடாத பத்து மாதமும் ஜனங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்பான்சர்களின் வரிசையே இதைச் சொல்லும். 2018இல் ஜெர்சியில் முத்தூட், கேரளத்து நகைக்கடன் நிறுவனம். 2021இல் துணி விற்கும் செயலியான மிந்த்ரா. 2022இல் மதுரையில் வேர் கொண்ட டி.வி.எஸ். யூரோகிரிப் டயர். 2024இல் அபுதாபியின் எதிஹாட் விமானம். நகை அடகிலிருந்து விமானம் வரை போயிருக்கிறது. டி.வி.யில் லோகோ எத்தனை விநாடி தெரிந்தது என்ற காலம் போய், அணியின் கணக்கில் எத்தனை பதிவு, வீரர்களோடு எத்தனை வீடியோ என்று பேரம் பேசும் காலம் இது.

ஆட்டமே இல்லாத இரண்டு வருஷம்

இந்தக் கூட்டம் எவ்வளவு கெட்டியானது என்பதற்கு ஒரு சோதனை நடந்தது. யாரும் திட்டமிட்டு நடத்தாத சோதனை. 2013 சூதாட்ட விவகாரத்தில் அணி நிர்வாகத்தோடு தொடர்புடைய குருநாத் மெய்யப்பன் சிக்கினார். 2015 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமையாளர்களை இரண்டு வருஷம் தடை செய்தது. 2016, 2017 இரண்டு சீசனிலும் சென்னைக்கு அணி கிடையாது. தோனி புனேவுக்கு ஆடினார், ரெய்னா குஜராத்துக்கு.

சாதாரண வியாபாரத்தில் இரண்டு வருஷம் கடையைச் சாத்தினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதுவும் சூதாட்டக் கறையோடு சாத்திய கடை. இங்கே அது நடக்கவில்லை. ரசிகர் கணக்குகள் பழைய ஆட்டங்களையே திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டின. தடை முடிந்த 2017 ஜூலையில் தோனி இன்ஸ்டாகிராமில் ஒரே ஒரு படம் போட்டார். மஞ்சள் ஜெர்சி, முதுகுப் பக்கம், 'தல' என்ற எழுத்து, கீழே 7. அணியில் அப்போது ஒரு வீரர்கூடச் சேர்க்கப்படவில்லை. தோனியை வைத்துக்கொள்ள முடியுமா என்ற விதியே அப்போது முடிவாகவில்லை. படம் போதுமானதாக இருந்தது.

2018 ஏப்ரல் 10. சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு ஆட்டம். வெளியே காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் போராட்டம். 'ஊர் தண்ணீருக்கு அழும்போது உங்களுக்கு கிரிக்கெட் கேட்கிறதா' என்ற கேள்விக்கு ரசிகர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஆயிரக்கணக்கில் போலீஸ் நிற்க ஆட்டம் நடந்தது. ஆட்டத்தின் நடுவே எல்லைக்கோடு அருகே செருப்பு வந்து விழுந்தது. சென்னை வென்றது. அதோடு மீதி ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேவுக்குப் போயின. இரண்டு வருஷம் காத்திருந்த ஊருக்குக் கிடைத்தது ஒரே ஓர் இரவு.

அப்போது அணி செய்த காரியத்தைத்தான் இந்த ஆய்வில் முக்கியமானதாக நினைக்கிறேன். புனேவில் மைதானம் காலியாகக் கிடந்தால் டி.வி.யில் அசிங்கமாக இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு இலவச டிக்கெட் கொடுத்து நிரப்பியிருக்கலாம். அதற்குப் பதில் ஒரு ரயிலைப் பிடித்தார்கள். ஏப்ரல் 19 அன்று சென்னை சென்ட்ரலிலிருந்து 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' கிளம்பியது. ஆயிரம் பேர் அளவில் ரசிகர்கள். பயணம், சாப்பாடு, தங்கும் இடம், மேட்ச் டிக்கெட் எல்லாம் அணியின் செலவு. மறுநாள் ராஜஸ்தானுக்கு எதிராக வாட்சன் 106 அடித்தார், 64 ரன்னில் வெற்றி.

ஆயிரம் பேரை புனே வரை கூட்டிப் போய் வர ஆகும் செலவை ஒரு முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஆயிரம் பேரிடமும் ஆளுக்கொரு செல்போன் இருந்தது. பெட்டிக்குள் மேளம், ஜன்னலில் மஞ்சள் கொடி, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் விசில். வீடியோ எடுக்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மே 27 அன்று மும்பையில் ஹைதராபாதைத் தோற்கடித்துக் கோப்பையை வென்றபோது, சூதாட்டம் பற்றிய பேச்சு ஏறக்குறைய அடங்கியிருந்தது. நீதிமன்றம் சொன்னதை யாரும் மறுக்கவில்லை, அதற்கு மேல் வேறு கதைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. இது திறமையான வேலைதான். நியாயமான வேலையா என்றால், யோசிக்க இடமிருக்கிறது. 2023இல் கன்னியாகுமரியிலிருந்தும் இதே பெயரில் ஒரு ரயில் விட்டார்கள். அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, முதல் ரயிலின் மறுபதிப்பு.

சினிமாவிடம் வாங்கிய கைமாற்று

மற்ற அணிகளின் சமூக ஊடகக் கணக்குகள் ஸ்கோர் போடுகிற காலத்திலேயே சி.எஸ்.கே. கணக்கு பேசத் தொடங்கிவிட்டது. அதுவும் பாதி தமிழ், பாதி ஆங்கிலம், நடுவில் ஒரு பட வசனம் என்று டீக்கடை வாசலில் நிற்கும் பையன் பேசுவது போல. நாலு தலைமுறையாக நடிகருக்குக் கட்அவுட் வைத்து, பட்டம் கொடுத்து, முதல் நாள் முதல் காட்சிக்குப் பாலாபிஷேகம் செய்து பழகிய ஊர். ரசிகர் மன்றம் நடத்த யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அணி அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டது.

'தல' அஜித்துடைய பட்டம். தோனிக்கும் அதே. ரெய்னா 'சின்னத் தல'. 2021 டிசம்பரில் அஜித்தே தன்னை இனி 'தல' என்று அழைக்க வேண்டாம் என்று அறிக்கை விட்ட பிறகு, அந்தப் பட்டத்துக்கு ஒரே வாரிசாக ராஞ்சிக்காரர் நின்றது தமிழ்நாட்டில் மட்டுமே நடக்கக்கூடிய வேடிக்கை.

2024 ஏப்ரல் 8 இரவு, சேப்பாக்கம், மறுபடி கொல்கத்தா. வெற்றிக்கு மூன்று ரன் இருக்கும்போது விக்கெட் விழுந்தது. அடுத்து யார்? ஜடேஜா பேட்டோடு படியிறங்கி வந்தார். மைதானம் முழுக்க ஓர் ஏமாற்ற முனகல். நாலடி நடந்தவர் சட்டென்று திரும்பி உள்ளே போனார், பின்னாலிருந்து தோனி வந்தார். அந்தச் சத்தத்தில் எல்லைக்கோட்டருகே நின்ற ஆந்த்ரே ரஸ்ஸல் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். முழுக்க ரசிகர்களைச் சீண்டுவதற்காகவே போட்ட நாடகம் அது. ஆட்டம் முடிந்து பேட்டி எடுத்தவர் ஜடேஜாவிடம், தோனி தல, ரெய்னா சின்னத் தல, உங்களுக்கு 'தளபதி' பட்டம் உறுதியாகிவிட்டதா என்று கேட்டார். இன்னும் வெரிஃபை ஆகவில்லை என்று சிரித்தார் அவர். கொஞ்ச நேரத்தில் அணியின் கணக்கிலிருந்து பதிவு வந்தது: கிரிக்கெட் தளபதி, வெரிஃபைடு. விஜய் ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள், இவர்கள் பதில் கொடுத்தார்கள், இரண்டு நாள் ஓடியது. ஆட்டத்தின் ஸ்கோரை இன்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

57 பந்துகள்

2023 சீசனை ஜியோ சினிமா இலவசமாகக் காட்டியது. திரையின் மூலையில் அந்த நேரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் ஓடிக்கொண்டே இருக்கும். அதுவரை டி.வி. ரேட்டிங் என்பது ஒரு வாரம் கழித்து விளம்பரக் கம்பெனிகளின் மேசைக்கு வரும் காகிதம். இப்போது ரசிகனே அதை நேரலையில் பார்த்தான், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பந்தயம் கட்டினான்.

ஏப்ரல் 12, சேப்பாக்கம், ராஜஸ்தான். சென்னை கேப்டனாகத் தோனிக்கு 200வது ஆட்டம். கடைசி ஓவரில் 21 ரன் வேண்டும். சந்தீப் சர்மாவை இரண்டு சிக்ஸர் அடித்தார் தோனி. எண் 2.2 கோடிக்குப் போனது. சென்னை மூன்று ரன்னில் தோற்றது. ஐந்து நாள் கழித்து பெங்களூருவோடு ஆடியபோது 2.4 கோடி. அகமதாபாதில் இறுதி ஆட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போக, மஞ்சள் சட்டையோடு ரயில் நிலையத் தரையில் படுத்துக் கிடந்தவர்களின் படங்கள் ஊரெல்லாம் சுற்றின. மறுநாள் ஆட்டம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு மேல் முடிந்தபோது உச்சம் 3.2 கோடி.

அந்த சீசன் முழுவதும் தோனி சந்தித்தது 57 பந்துகள். எடுத்தது 104 ரன். ஒரு சாதாரண தொடக்க ஆட்டக்காரர் இரண்டு மேட்சில் ஆடி முடித்துவிடும் பந்துகள் அவை. அவற்றுக்காகத்தான் கோடிக்கணக்கானவர்கள் 16வது ஓவருக்கு மேல் செயலியைத் திறந்தார்கள். விளம்பரதாரருக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது: குறைவாக வரும், எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் கடைசி ஓவராக இருக்கும். இதோடு ஓய்வுக் கதை வேறு. 2020 நவம்பரில் அபுதாபியில் டாஸின்போது, 'மஞ்சள் சட்டையில் இதுதான் கடைசி ஆட்டமா' என்று டேனி மோரிசன் கேட்க, தோனி 'டெஃபினிட்லி நாட்' என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு சீசனும் கடைசி சீசனாக இருக்கலாம் என்பதே ஒரு விற்பனைச் சரக்கு. லக்னோ, மும்பை, கொல்கத்தா என்று வெளியூர் மைதானங்கள் மஞ்சளாக மாறியது அதனால்தான். அந்தந்த ஊர் அணிகளும் டிக்கெட் விலையை ஏற்றிப் பலன் பார்த்தன.

ஆனால் இந்தச் சரக்குக்கு அணிக்குள்ளேயே ஒருவர் விலை கொடுத்தார். அதே 2023இல் ஜடேஜா ஏழாம் இடத்தில் இறங்கும்போது, அவர் எப்போது அவுட் ஆவார் என்று சொந்த மைதானமே காத்திருந்தது. மே மாதம் டெல்லிக்கு எதிராக ஆட்ட நாயகன் விருது வாங்கியபோது அவரே சொன்னார்: நான் மேலே இறங்கினால் நான் அவுட் ஆவதற்காகக் காத்திருப்பார்கள் என்று. சிரித்துக்கொண்டே சொன்னார். மே 24 அன்று சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அப்ஸ்டாக்ஸ் நிறுவனம் கொடுத்த 'மிக மதிப்புமிக்க சொத்து' விருதோடு படம் போட்டு, அப்ஸ்டாக்ஸுக்குத் தெரிகிறது, சில ரசிகர்களுக்குத் தெரியவில்லை என்று எழுதினார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவை, மோஹித் சர்மாவை ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. தோனி அவரை இடுப்போடு தூக்கிய படம்தான் அந்த வருஷத்தின் படம்.

ஹேஷ்டேக் அசைக்காத இடம்

சமூக ஊடகம் அணியை ஆட்டி வைக்கிறது என்று சொல்பவர்கள் 2022 பிப்ரவரியைப் பார்க்க வேண்டும். ஏலத்தில் ரெய்னாவை யாரும் வாங்கவில்லை, சென்னையும் கைவிட்டது. ட்விட்டர் கொதித்தது. அணி அவருக்கு நன்றி சொல்லி ஒரு வீடியோ போட, வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது. அதே ஏலத்தில் இலங்கைச் சுழல் வீரர் மகேஷ் தீக்ஷணாவை 70 லட்சத்துக்கு எடுத்தார்கள். அவருக்கு இலங்கை ராணுவத்தோடு தொடர்பு உண்டு என்பது வெளியே வந்ததும், சென்னை சூப்பர் கிங்ஸைப் புறக்கணியுங்கள் என்ற ஹேஷ்டேக் இந்திய அளவில் மேலே வந்தது. இது வெறும் கிரிக்கெட் கோபம் இல்லை, முள்ளிவாய்க்கால் நினைவு ஆறாத மக்களின் கோபம். 2013இல் முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதிய கடிதத்துக்குப் பின் சென்னையில் இலங்கை வீரர்கள் யாரும் ஆடக்கூடாது என்று ஐ.பி.எல். நிர்வாகமே முடிவெடுத்திருந்தது. அன்று அரசு கேட்டது, நடந்தது. 2022இல் கேட்டது டைம்லைன். அணி அசையவில்லை. தீக்ஷணா மூன்று சீசன் ஆடினார்.

பின்னால் வந்த இன்னொரு இலங்கை வீரர், வேகப்பந்து வீச்சாளர் பதிரானா, 'பேபி மலிங்கா' ஆனார். 2023இல் சேப்பாக்கம் அவருக்கு விசில் அடித்தது. புறக்கணிப்பு கேட்டவர்களும் விசில் அடித்தவர்களும் ஒரே ஆட்கள் இல்லை என்பது உண்மை. அதைத்தான் நிர்வாகம் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறது: போனில் கோபப்படும் தமிழ் உணர்வாளரும், மைதானத்துக்கு வரும் டிக்கெட்காரரும், ஜெர்சி வாங்கும் ஹைதராபாத் பையனும் வேறு வேறு ஆட்கள். முதலாமவர் சொல்வதால் வருமானம் குறையாது. வியாபாரக் கணக்கு சரி. அந்தக் கோபத்துக்கு ஒரு வரி பதில்கூடச் சொல்லத் தோன்றாதது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

ஆக, ஹேஷ்டேக் அணியைத் தொடவில்லை. கேலரிச் சத்தம் தொட்டது. அது 2025இல் வெட்டவெளிச்சம் ஆனது.

ஒன்பதாம் இடம்

2025 மார்ச் 28, சேப்பாக்கம், பெங்களூரு. இலக்கு 197. விக்கெட் சரிந்துகொண்டே போனது. ஏழாவது வந்தார் ஒருவர், எட்டாவது வந்தார் அஸ்வின். தோனி வந்தது ஒன்பதாவதாக. ஆட்டம் அதற்குள் கையை விட்டுப் போயிருந்தது. கடைசி ஓவரில் குருணால் பாண்டியாவை இரண்டு சிக்ஸர் அடித்தார், மைதானம் கொண்டாடியது, சென்னை 50 ரன்னில் தோற்றது. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூருவின் முதல் வெற்றி அது. அடுத்த ஆட்டத்துக்குப் பின் பயிற்சியாளர் ஃபிளெமிங், தோனியின் முழங்கால் முன்பு போல இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

43 வயதில் அது இயல்பு. கேள்வி வேறு. பதினோரு பேரில் ஓர் இடம் பத்துப் பதினைந்து பந்துக்காக ஒதுக்கப்படுகிறது என்றால், அது கிரிக்கெட் முடிவா, வியாபார முடிவா? ஐந்து வருஷமாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரர்களை 'அன்கேப்டு' வீரராக, அதாவது நாட்டுக்கு ஆடியிராதவர் கணக்கில், 4 கோடிக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற விதியும் அந்த சீசனுக்குத் திரும்ப வந்திருந்ததால் சம்பளக் கணக்கும் இடித்துக் காட்டவில்லை. என் தீர்ப்பு: இது வியாபார முடிவு, அதைக் கிரிக்கெட் முடிவு போல விளக்க வேண்டிய கட்டாயம் ஃபிளெமிங் தலையில் விழுந்தது.

அடுத்து ஏப்ரலில் இன்னொரு சிக்கல். அஸ்வின் அப்போது சென்னை வீரர், கூடவே பெரிய யூடியூபர். அவர் சேனலில் வந்த விருந்தினர் ஒருவர், அணியில் ஆப்கான் சுழல் வீரர் நூர் அகமதைச் சேர்த்ததைக் கேள்வி கேட்டார். ரசிகர்கள் பொங்கினார்கள். மீதி சீசனுக்குச் சென்னை ஆட்டங்களைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று சேனல் அறிவித்தது. ஃபிளெமிங்கிடம் கேட்டபோது, அவருக்குச் சேனல் இருப்பதே எனக்குத் தெரியாது என்றார். வீரரே ஊடகமாகவும் இருக்கும் காலத்தில், ஓய்வறைக்கும் யூடியூபுக்கும் நடுவே சுவர் எங்கே எழுப்புவது என்று எந்த அணிக்கும் இன்னும் பிடிபடவில்லை. அந்த ஆகஸ்டில் அஸ்வின் ஐ.பி.எல்.லிலிருந்தே விடைபெற்றார்.

சீசன் முடிவில் சென்னை முதல் முறையாகக் கடைசி இடம். ஹூலிஹான் லோக்கி நிறுவனத்தின் பிராண்டு மதிப்புப் பட்டியலில் 2024இல் முதலிடத்தில் இருந்த அணி, 2025இல் பெங்களூரு, மும்பைக்குப் பின்னால் மூன்றாவது. ஆனால் மதிப்பு எண்ணில் குறையவில்லை, 23.1 கோடி டாலரிலிருந்து 23.5 கோடிக்கு ஏறியே இருந்தது. தோற்றாலும் விலை விழவில்லை, மற்றவர்கள் முந்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

முந்திய பெங்களூருவின் கதையில் ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. 2025 ஜூன் 4 அன்று, கோப்பை வென்ற மறுநாள், சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். காவல்துறை அனுமதி கிடைக்கும் முன்பே அணி சமூக ஊடகங்களில் ஊர்வலத்துக்கு அழைப்பு விடுத்தது என்று கர்நாடக அரசு உயர் நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. லைக்காக எண்ணப்படுகிறவர்கள் ஒரே மதியத்தில் ஆளாகத் திரண்டு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அணிகளிடம் திட்டம் இல்லை.

ஏழுக்குப் பிறகு

2025 நவம்பரில் சென்னை ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. 'தளபதி' போனார். வந்தவர் திருவனந்தபுரத்துக்காரர், விக்கெட் கீப்பர், மலையாளிகள் உலகம் முழுக்கக் கொண்டாடும் ஆள். கிரிக்கெட் காரணமும் இருக்கிறது, கூட்டத்தை அடுத்த கைக்கு மாற்றும் காரணமும் இருக்கிறது. டிசம்பர் 16 ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளம் வீரர்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்தார்கள். முப்பது தாண்டியவர்களை வைத்துக் கோப்பை வென்று, 'அப்பாக்கள் படை' என்ற கேலியையே பெருமையாக மாற்றிக் காட்டிய அணி இது. இரண்டு பையன்களின் பெயரையும் பெரும்பாலான ரசிகர்கள் அன்று சாயங்காலம்தான் முதல் முறை தேடியிருப்பார்கள்.

இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027 சீசனோடு முடிகிறது. போன முறை டி.வி.க்கு ஸ்டார், இணையத்துக்கு வயாகாம் 18 என்று இருவர் முட்டி மோதியதால் விலை ஏறியது. 2024 நவம்பரில் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். ஏலம் கேட்கக் கை குறைந்த சந்தையில் பொதுப் பங்கு இதே வேகத்தில் ஏறும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்போது ஸ்பான்சரும் டிக்கெட்டும் இன்றைவிட அதிகம் தாங்க வேண்டியிருக்கும், அதையும் ஏழாம் நம்பர் இல்லாமல்.